படித்ததும் கிழித்துவிடவும்

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பித்தளை உருளி, கப்பல் விளக்கு, மரக் குதிரை, யாரோ ஒரு தம்பதியின் கல்யாணப் போட்டோ. பாதி நிஜமாகவே பழசு. மீதியைப் போன மழைக்காலத்தில் பழசாக்கியிருப்பார்கள். சென்ற டிசம்பரில் அப்படி ஒரு கடையில், மூடி போன மரப்பெட்டிக்குள் சணல் போட்டுக் கட்டிய இன்லேண்டு லெட்டர் கட்டு ஒன்றைப் பார்த்தேன். நாற்பது, ஐம்பது இருக்கும். நீலம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. மேலே இருந்ததைத் திருப்பினேன். உச்சியில் பிள்ளையார் சுழி. தமிழ்.

இந்த ஊரில் தமிழ்க் கடிதம் கிடைப்பது அதிசயம் ஒன்றும் இல்லை. பஜார் ரோட்டு மலஞ்சரக்கு (மலை விளைபொருள்) கடைகளுக்குக் கணக்கெழுதவும் மூட்டை தூக்கவும் தெற்கத்தி ஆட்கள் தலைமுறைகளாக வந்திருக்கிறார்கள். என் அப்பாவும் அப்படி வந்தவர். குடும்பம் ஊரில், பிழைப்பு இங்கே, நடுவில் தபால்காரர்.

கடைக்காரர் என் மலையாளத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"முந்நூறு குடுங்க சாரே. தபால் முத்திரை சேர்க்கிறவங்க கேட்டு வருவாங்க."

"யாரோ யாருக்கோ எழுதின குடும்பக் கடிதமாச்சே. விற்கலாமா?"

சிரித்தார். "வந்த ஆளு விட்டுட்டுப் போனாரு. பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரன் எடுத்தான். நான் காசு குடுத்து வாங்கினேன். இப்ப என்னோடது. நீங்க காசு குடுத்தா உங்களோடது. புஸ்தகமா வேணும்னாலும் போட்டுக்கோங்க."

அவர் சொன்னதில் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. அந்தக் கடைசி வரிதான் இன்று ஊர் முழுக்கச் செல்லுபடியாகிற நியாயம். எனக்கு வந்த கடிதம் எனக்குச் சொந்தம், எனக்கு வந்த மெயில் எனக்குச் சொந்தம், என் போனில் விழுந்த செய்தியை நான் யாருக்கும் தள்ளிவிடுவேன். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே கிடையாது. பேராசிரியர்கள் சொல்கிறார்கள், பத்திரிகை ஆசிரியர்கள் சொல்கிறார்கள், சித்தப்பா மகன் குடும்பக் குழுவில் சொல்கிறான். இது தப்பு. சட்டப்படியும் தப்பு, நம் வீட்டு வழக்கப்படியும் தப்பு.

ஒரு கடிதத்தில் இரண்டு சொத்து இருக்கிறது. தாள் ஒன்று, அதில் உள்ள சொல் ஒன்று. தபால் பெட்டியில் போட்டதும் கைமாறுவது தாள் மட்டும்தான். பெற்றவர் அதைப் பத்திரப்படுத்தலாம், அடுப்பில் போடலாம், விற்கலாம், பேத்திக்குக் கொடுக்கலாம். அதில் எழுதியிருப்பதைப் பிரதி எடுத்து ஊருக்கு விடும் உரிமை மட்டும் எழுதியவரிடமே நின்றுவிடுகிறது. அவருக்குப் பிறகு அவர் வாரிசிடம்.

இந்தப் பிரிவினை நேற்று வந்ததில்லை. 1741ல் லண்டனில் எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரி, கவிஞர் அலெக்ஸாண்டர் போப்பும் ஜொனதன் ஸ்விஃப்டும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களை அச்சிட்டு விற்றார். போப் வழக்குப் போட்டார். கர்ல் தரப்பு சொன்ன வாதம் நம் கடைக்காரர் சொன்னதேதான்: அனுப்பிவிட்டாய் என்றால் தானம் செய்துவிட்டாய் என்று பொருள். நீதிபதி ஹார்ட்விக் பிரபு ஏற்கவில்லை. பெற்றவருக்குத் தாளில் வேண்டுமானால் சொத்துரிமை இருக்கலாம், அது ஊரறியப் பதிப்பிக்கக் கொடுத்த அனுமதி ஆகாது என்றார். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. தடையாணை போப் எழுதிய கடிதங்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. ஸ்விஃப்ட் அவருக்கு எழுதியவற்றுக்குக் கிடைக்கவில்லை. உனக்கு வந்தது உன்னுடையது இல்லையப்பா, அதற்கு நீ எப்படித் தடை கேட்பாய்? வழக்கில் ஜெயித்தவருக்கும் அதே அளவுகோல்தான்.

போப் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. 1735ல் தன் கடிதங்கள் தானாகக் கசிந்து இதே கர்லின் கைக்குப் போகும்படி திரைமறைவில் ஏற்பாடு செய்தவரே அவர்தான். கள்ளப் பதிப்பு வந்துவிட்டது என்று கூப்பாடு போட்டால்தானே தானே நல்ல பதிப்பு போட முடியும்! ஆள் எப்படியோ, தீர்ப்பு சரி.

அது வெள்ளைக்காரன் ஊர் நியாயம் என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் 1877ல் வந்த குறித்தவகைத் துயர் தீர்ப்புச் சட்டத்தில், தடையாணை எப்போது கேட்கலாம் என்பதற்குச் சின்னச் சின்னக் கதைகளாக உதாரணங்கள் இருந்தன. அதில் ஒன்று: ஒரு பெரிய மனிதர் இன்னொருவருக்குக் குடும்ப விஷயங்களைக் கடிதமாக எழுதுகிறார். இருவரும் இறந்துபோகிறார்கள். பெற்றவருடைய சொத்துக்கு வாரிசானவர் அந்தக் கடிதங்களைப் புத்தகமாக்கிக் காசு பார்க்க நினைக்கிறார். எழுதியவருடைய உயிலை நிறைவேற்றுபவர் போய்த் தடையாணை வாங்கலாம். வரிக்கு வரி ஜூ டவுன் கடைக் கதை! மட்டாஞ்சேரி அன்று கொச்சி ராஜாவின் மண். ஆனால் அரை மணி நேர நடையில் இருக்கும் கோட்டைக் கொச்சி மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. அந்தச் சட்டம் அங்கே அமலில் இருந்தது. கடிதம் கொண்டுபோவதற்குக்கூட இந்தப் பக்கம் ராஜாவின் 'அஞ்சல்', அந்தப் பக்கம் பிரிட்டிஷ் தபால். 1951ல்தான் இரண்டும் ஒன்றாயின.

இப்போது நடப்பில் இருப்பது 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். கடிதம் அதில் இலக்கியப் படைப்பாகக் கணக்காகிறது. இலக்கியம் என்றதும் பயப்பட வேண்டாம், சட்டம் தரம் பார்ப்பதில்லை. சொந்தமாக யோசித்து எழுதியிருந்தால் போதும். பருத்திக்கொட்டை விலையும் மாட்டுக்கு வந்த நோயும் எழுதிய கடிதமும் இலக்கியம்தான்.

"அதெல்லாம் சரி, இது பழசாச்சே" என்பது அடுத்த வாதம். ஆள் இறந்து அறுபது வருடம் போனால் காப்புரிமை முடிந்தது என்று எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். உயிரோடிருக்கும்போதே வெளியான எழுத்துக்கு அந்தக் கணக்குச் சரி. கடிதம் வெளியாவதற்கா எழுதப்படுகிறது? எழுதியவர் காலத்தில் வெளிவராத எழுத்துக்குச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வேறு கணக்குப் போடுகிறது: முதன்முதலில் எப்போது வெளியாகிறதோ, அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். வெளியாகாதவரை கடிகாரமே ஓடாது. 1963ல் ஒரு பெண் எழுதிய கடிதம், அவள் 1970ல் இறந்திருந்தாலும், இன்றைக்கும் அவள் பிள்ளைகளின் காப்புரிமையில்தான் இருக்கிறது. நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ பொதுமக்கள் பார்க்கிற மாதிரி வைத்திருந்தால் ஒரு விலக்கு உண்டு. எழுதியவர் யார் என்று தெரிந்தால் அவர் இறந்து 60 ஆண்டு கழித்து, தெரியாவிட்டால் அதற்கு முன்பே, ஆய்வுக்கும் பதிப்புக்கும் பிரதி எடுக்கலாம். உருளிக்கும் மரக் குதிரைக்கும் நடுவில் கிடக்கும் கட்டுக்கு அந்த விலக்கும் கிடையாது.

இந்த முடிவில்லாத உரிமை எனக்கே அபத்தமாகப் படுகிறது. முந்நூறு வருடத்துப் பழைய ஓலைக்கும் வாரிசைத் தேடு என்றால் நடக்கிற காரியமா? சட்டம் இங்கே அளவு மீறியிருக்கிறது, திருத்த வேண்டும். ஆனால் அளவு மீறியிருக்கிறது என்பதற்காக உரிமையே இல்லை என்று ஆகிவிடாது.

வரலாற்றுக்காரர்கள் இந்த இடத்தில் ஒரு பெரிய சீட்டைக் கீழே போடுவார்கள். கெய்ரோ கெனிசா. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில், இறைவன் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்று நூற்றாண்டுகளாக ஓர் அறையில் போட்டுவைத்த காகிதக் குவியல். 1896-97ல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து ஏறத்தாழ 1,90,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அதில் நம் கடற்கரைக் கடிதங்கள் இருக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் கடை வைத்திருந்த ஆபிரகாம் பென் யிஜுவுக்கு ஏடன் வியாபாரிகள் எழுதியவை. இங்கிருந்து மிளகும் பாக்கும் இரும்பும் போகும், அங்கிருந்து சர்க்கரையும் உலர்திராட்சையும் வரும், எழுதுவதற்குக் காகிதமும் வரும். 1132ல் அவர் ஆஷு என்ற அடிமைப் பெண்ணை விடுவித்த பத்திரம்கூட மிஞ்சியிருக்கிறது. அமிதவ் கோஷ் 1992ல் இவற்றை வைத்து ஒரு புத்தகமே எழுதினார்.

"அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் இதெல்லாம் கிடைத்திருக்குமா?" என்பார்கள். கிடைத்திருக்காது. நானும் அவற்றைச் சுவைத்துப் படித்தவன்தான். ஆனால் எண்ணூறு வருடத்தைக் காட்டி அறுபது வருடத்தை வாங்கப் பார்ப்பது வியாபார சாமர்த்தியம். பென் யிஜுவின் கடன் விவகாரம் தெரிந்து இன்று எந்த வீட்டிலும் யாரும் தலைகுனிய மாட்டார்கள். என் கையிலிருந்த கட்டில் பெயர் வரும் குழந்தைக்கு இன்று எழுபது வயது இருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கலாம். என் அளவுகோல் எளிமையானது. கடிதத்தில் பெயர் வருகிறவர்களும் அவர்களைத் தெரிந்தவர்களும் போய்ச் சேரும்வரை பொறுக்க வேண்டும். பிறகு அது வரலாறு. அதுவரை ஒரு வீட்டு விஷயம்.

இதே கொச்சியில் டச்சுக் கம்பெனியின் பாதிரியாராக இருந்த யாக்கோபஸ் கான்டர் விஸ்ஷர் மலபாரைப் பற்றி எழுதிய கடிதங்கள் 1743ல் நூலாயின. போப் வழக்குக்கு இரண்டே வருடம் கழித்து. அவர் எழுதியது ராஜாக்கள், மிளகு, சாதி வழக்கம், மழை. கடித வடிவில் எழுதிய ஊர்க் கட்டுரை அது. அப்படிப்பட்டதையும், மனைவி கணவனுக்கு மட்டும் என்று எழுதியதையும் இந்த வரலாற்றுக்காரர்கள் ஒரே தராசில் வைக்கிறார்கள். இரண்டும் தபாலில் போனவை என்பதைத் தவிர என்ன ஒற்றுமை?

நம் இலக்கிய உலகத்துக்கு வருகிறேன். இங்கே நியாயம் இன்னும் மெருகாக இருக்கும். எழுத்தாளன் எழுதிய கடிதம் இலக்கியத்துக்குச் சொந்தம், அதைப் பெட்டியில் பூட்டுவது வாசகனுக்குத் துரோகம் என்பார்கள். எழுத்தாளர் கு. அழகிரிசாமி தனக்கு எழுதிய கடிதங்களை அவர் நண்பர் கி.ரா. பதிப்பித்தார். இடைசெவல் மண்ணில் ஒன்றாக வளர்ந்த இரண்டு பேர். அதைப் படிக்காத வாசகன் நஷ்டப்பட்டவன். புதுமைப்பித்தன் தன் மனைவி கமலாவுக்கு எழுதியவை 'கண்மணி கமலாவுக்கு' என்று வந்தன. அதில் ஒரு வசதி உண்டு. கடிதத்தைப் பெற்றவரும் எழுதியவரின் வாரிசும் ஒரே ஆள். தாளும் சொல்லும் ஒரு கையில் சேர்ந்த அபூர்வம். இந்த இரண்டு புத்தகத்தையும் முன்னால் காட்டிவிட்டு, பின்னால் எத்தனையோ பேர் செத்த எழுத்தாளனின் கடிதங்களை "எனக்கு எழுதினார்" என்ற ஒரே தகுதியோடு அச்சேற்றுகிறார்கள். பாதிக்கு மேல் அதில் தெரிவது எழுதியவரின் மேதைமை இல்லை, பெற்றவரின் முக்கியத்துவம். கி.ரா.வுக்கு இருந்த தோழமையும் கூச்சமும் எல்லோரிடமும் இருக்கும் என்று சட்டம் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

நாட்டுடைமை ஆனபின் என்ன தடை என்று கேட்பவர்களும் உண்டு. புதுமைப்பித்தன் எழுத்து 2002ல் நாட்டுடைமை ஆனது. அரசு வாரிசுக்குப் பணம் கொடுத்து வாங்குவது காப்புரிமையை. ஒரு மனுஷனுடைய அந்தரங்கத்தை எந்த அரசாங்கமும் விலைபேசி வாங்கிவிட முடியாது. அந்தரங்கம் அரசியல் சட்டம் தருகிற அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் 2017ல் ஒன்பது நீதிபதிகளாக உட்கார்ந்து சொல்லிவிட்டது.

டெல்லியில் நேருவின் காகிதங்களைப் பற்றி நடக்கும் சண்டையைப் பாருங்கள். 2008ல் 51 பெட்டிகளைக் குடும்பம் திரும்ப எடுத்துக்கொண்டது. பிரதமர்கள் அருங்காட்சியகம் அவற்றைக் கேட்கிறது. ஒரு தரப்பு தேசத்தின் சொத்து என்கிறது, இன்னொரு தரப்பு குடும்பச் சொத்து என்கிறது. எட்வினா மவுண்ட்பேட்டன், ஐன்ஸ்டீன், ஜெயபிரகாஷ் நாராயண் ஆகியோரோடு நடந்த கடிதப் போக்குவரத்து அதில் இருப்பதாகச் செய்தி. அப்படியானால் அவர்கள் நேருவுக்கு எழுதியவற்றின் சொல் நேரு குடும்பத்துக்கும் சொந்தமில்லை, அருங்காட்சியகத்துக்கும் சொந்தமில்லை. ஐன்ஸ்டீன் தன் எழுத்துரிமையை எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். எட்வினா எழுதியது எட்வினாவின் வாரிசுகளுக்கு. பெட்டி யாருக்கு என்று தொண்டை கிழியக் கத்துகிற இரண்டு பேரும், பெட்டிக்குள் இருப்பதில் பெரும்பங்கு மூன்றாம் ஆளுடையது என்பதை நான் பார்த்தவரை வாய்திறந்து சொல்லவில்லை. தாளைப் பிடித்தால் சொல்லையும் பிடித்துவிட்டதாக நினைக்கும் வியாதி ஜூ டவுனிலிருந்து டெல்லிவரை ஒன்றுதான்.

மின்னஞ்சலில் இந்த வியாதி முற்றிவிட்டது. "அது என் இன்பாக்ஸில் இருக்கிறது" என்று மார்தட்டுகிறார்கள். நிதானமாக யோசித்தால் கணக்கு நேர்மாறாக வருகிறது. கடிதம் பெற்றவருக்குச் சட்டம் கொடுத்த ஒரே சொத்து தாள். மெயிலில் அந்தத் தாளும் இல்லை! கையில் தொட, மடிக்க, பெட்டியில் வைக்க, விற்க எதுவும் கிடையாது. யாருடைய கம்ப்யூட்டரிலோ கிடக்கும் பிரதியைத் திறந்து பார்க்க ஒரு கடவுச்சொல், அவ்வளவு. இன்லேண்டு லெட்டர் வாங்கியவனைவிட மெயில் வாங்கியவனுக்கு உரிமை குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஃபார்வர்டு பொத்தான் விரலுக்குக் கீழேயே இருப்பதால் அதிகம் என்று தோன்றிவிடுகிறது. தாளில் எழுதியதைப் பரப்ப வேண்டுமானால் ஒருவன் உட்கார்ந்து நகலெடுக்க வேண்டும், எடுக்கும்போது அவனுக்கே கை கூசும். இப்போது கூச நேரமில்லை.

அலுவலக மெயில் வேறு கதை. சம்பளத்துக்கு வேலையாக எழுதியதன் முதல் உரிமை முதலாளிக்கு. என் அப்பா மலஞ்சரக்குக் கடையில் உட்கார்ந்து விருதுநகர் வியாபாரிகளுக்கு எழுதிய அத்தனை கடிதமும் முதலாளியுடையவை. ஆனால் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சுக்கு மூட்டைமேல் உட்கார்ந்து சுமைக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்தது முதலாளியுடையது இல்லை, அப்பாவுடையதும் இல்லை. "அண்ணாச்சி, நான் சொல்றதை அப்படியே எழுதுங்க" என்பார்கள். சொந்த வாக்கியம் ஒன்று சேர்த்துவிட்டால்கூடப் படித்துக்காட்டும்போது கண்டுபிடித்துவிடுவார்கள், அடிக்கச் சொல்வார்கள். எழுதப்படிக்கத் தெரியாத அந்த ஆட்களுக்குத் தங்கள் சொல் எது என்று தெரிந்திருந்தது. அதுதான் ஆசிரியத்துவம். அப்பா வெறும் கை.

இன்னொன்றும் உண்டு. அப்பா அந்தக் கடிதங்களில் இருந்ததை எங்கள் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. அம்மா கேட்டுப் பார்ப்பாள். "அது அவன் சமாச்சாரம்" என்று சாப்பாட்டைப் பிசைவார். எழுதப்படிக்கத் தெரியாத வீட்டில் தபால்காரர்தான் படித்துக்காட்டுவார், ஊர் முழுக்கத் தெரிந்தும் வாய்திறக்க மாட்டார். வீட்டுச் சுவரில் ஒரு கம்பிக் கொக்கி தொங்கும், படித்த கடிதத்தை அதில் குத்திவைப்பார்கள். விருந்தாளி வந்தால் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கும். எடுத்துப் படிப்பது அநாகரிகம் என்று குழந்தைக்கும் தெரியும். சாவுக் காரியக் கடிதம் வந்தால் படித்ததும் கிழித்து வெளியே போட்டுவிடுவார்கள். ரொம்ப அந்தரங்கமானதின் அடியில் ஒரு வரி வரும்: படித்ததும் கிழித்துவிடவும். இன்று ஆபீஸ் மெயிலின் அடியில் பத்து வரிக்கு ஓர் எச்சரிக்கை வருகிறதே, உரியவர் தவிர மற்றவர் படிக்கலாகாது என்று. எல்லா மெயிலிலும் தானாக ஒட்டிக்கொள்வதை யார் மதிப்பார்கள்? மதிய சாப்பாட்டு மெனுவுக்கும் அதே எச்சரிக்கை. இரண்டு சொல்லில் நம் பாட்டிமார் எழுதியதற்கு இருந்த கனம் அதற்கு இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் அண்ணன் காலமானார். எனக்கும் அவர் நெருக்கம். இரவு உட்கார்ந்து நண்பருக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். இறந்தவர் கடைசிவரை அவர் அப்பாவை மன்னிக்கவில்லை என்பதும், ஒரு தடவை எர்ணாகுளம் ஸ்டேஷனில் என்னிடம் அழுததும் அதில் இருந்தன. ஆறு மாதம் கழித்து நினைவு மலர் ஒன்று தபாலில் வந்தது. என் மெயில் முழுப் பக்கத்துக்கு இருந்தது, என் போட்டோவோடு. எழுத்துப்பிழை திருத்தியிருந்தார்கள். கடைசிப் பத்தியை இடம் போதாமல் வெட்டியிருந்தார்கள். அப்பாவைப் பற்றியது இடம்பெற்றிருந்தது. அவரை ஏன் நான் விரும்பினேன் என்று எழுதியதுதான் போய்விட்டது. மலர்க் குழுவில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நல்லா இருந்துச்சு சார், அதான் போட்டோம்" என்றார். பாராட்டு என்றே நினைத்தார். அன்று சாயங்காலம் இறந்தவரின் மனைவி போன் பண்ணினார். என்ன சொன்னார் என்பது எங்கள் இரண்டு பேருக்குள்.

"நல்லா இருந்துச்சு" என்பது ஒரு நியாயமா? நன்றாக இருப்பதாலேயே ஒருவர் வீட்டு மாம்பழத்தைப் பறித்துக்கொள்ளலாமா?

இனி, கோபத்தோடு வரும் ஒரு வாதம் இருக்கிறது, அதை மட்டும் நான் மதிக்கிறேன். மிரட்டி மெயில் எழுதுகிறவன், லஞ்சம் கேட்டு எழுதுகிற அதிகாரி, பெண்ணுக்கு ஆபாசமாக எழுதுகிறவன் எல்லோரும் "என் சொல், என் உரிமை" என்று ஒளிந்துகொள்வார்களே? ஒளிய முடியாது. நீதிமன்ற நடவடிக்கைக்காகப் பிரதி எடுப்பது காப்புரிமை மீறல் இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காப்புரிமை சொல்லுக்குத்தான், விஷயத்துக்கு இல்லை. கருத்துக்கும் செய்திக்கும் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்ன அதிகாரி இன்ன தேதியில் இவ்வளவு கேட்டு எழுதினார் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கொடுமையை வெளியே சொல்ல வழி இருக்கிறது. அதைக் கேடயமாக முன்னால் பிடித்துக்கொண்டு, விவாகரத்தான பெண்ணின் பழைய மெயிலைக் குழுவில் போடுகிறவர்களைத்தான் நான் சொல்கிறேன்.

ஆட்டோ சங்கர் வழக்கை இங்கே சிலர் இழுப்பார்கள். சிறையில் அவர் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போனபோது அதிகாரிகள் தடுத்தார்கள். 1994ல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. சரிதான். ஆனால் அங்கே வெளியிட விரும்பியது எழுதியவரே. பொதுப் பதிவேட்டில் இருப்பதைத் தாண்டி ஒருவரின் வாழ்க்கையை அவர் சம்மதமின்றி எழுதினால் அந்தரங்க மீறலுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முன்பாதியை மட்டும் மேடையில் சொல்கிறார்கள்.

அடுத்தவர் கடிதத்தைத் தொடாமல் கடிதத்தின் வலியை ஊருக்குச் சொல்ல முடியாதா? மலையாளிகளைக் கேளுங்கள். எழுபதுகளில் எஸ்.ஏ. ஜமீல் எழுதிப் பாடிய துபாய் 'கத்துப் பாட்டு' கேட்காத மாப்பிளா முஸ்லிம் வீடு அன்று இல்லை. கத்து என்றால் கடிதம். வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதுவதாக ஒரு பாட்டு, அவன் பதில் எழுதுவதாக இன்னொன்று. கேசட் ஓடிய வீடுகளில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஒவ்வொருத்தியும் தன் கடிதம் என்று நினைத்தாள். எந்த ஒருத்தியின் கடிதமும் அதில் இல்லை.

அந்தக் கட்டை முந்நூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். கடைக்காரருக்குச் சந்தோஷம், வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பார். கடையிலேயே இரண்டைப் படித்திருந்தேன், அதை ஒளிப்பதற்கில்லை. மூன்றாவதைப் பிரித்தவன் மடித்துவிட்டேன். எழுதியவர் ஒரு பெண், எல்லாம் ஒரே கையெழுத்து, சிலவற்றின் மூலையில் மஞ்சள் தடவிய கறை, படித்த இரண்டின் அடியிலும் படித்ததும் கிழித்துவிடவும். அன்று தமிழ்நாடே எழுதிய வரி என்பதால் அதை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். பெற்றவர் ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. அது அவர் உரிமை, தாள் அவருடையது.

இன்லேண்டின் முதுகில் அனுப்புநர் முகவரி இருந்தது. தென்காசிப் பக்கத்தில் ஒரு கிராமம். மட்டாஞ்சேரி தபாலாபீசில் இரண்டரை ரூபாய் கொடுத்து ஓர் இன்லேண்டு வாங்கி, இந்த முகவரியில் இப்போது இருப்பவருக்கு என்று எழுதிப் போட்டேன். கட்டு என்னிடம் இருக்கிறது, உங்கள் வீட்டுக் கடிதங்களாக இருந்தால் சொல்லுங்கள், தபாலில் அனுப்புகிறேன். பெறுநர் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பிவரும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவரின் பேத்தி. கோடு போட்ட நோட்டுத் தாள், நான்கு பக்கம், பால்பாயிண்ட் பேனா. அதில் ஒரு பத்தியை இந்தக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். கட்டுரையை அனுப்பும் இந்த நாள்வரை பதில் வரவில்லை.